ஆறு குடம் தண்ணீர்

அத்தியாயம் 14

அருணாவுக்கு இடுப்பு விட்டுப்போயிருந்தது. கிணற்றடியிலிருந்து மேடேறும்போது வலது காலை ஊன்றினால் முதுகில் கம்பி மாதிரி ஒன்று இழுத்தது. இடது காலுக்கு அந்த இழுப்பு இல்லை. அதனால் வலது காலைப் பாதிதான் ஊன்றினாள். தலையில் குடம், கையில் இருபது லிட்டர் கேன்.

வீட்டுக்கு மூன்று குடம், காருக்கு மூன்று கேன். பத்து நாளாக விடியற்காலை வேலை இதுதான். நெல்லிமரத்தூரில் சித்திரை மாதம் மனிதருக்கே கிணற்றில் சேறு கலந்துதான் வரும். அதில் பாதியை அவள் கணவன் சந்திரனின் கார் குடித்தது.

வீட்டில் குடிக்கக் கூடாதவர் ஒருவர் இருந்தார். மாமனார் சின்னராசு. சிறுநீரகம் இரண்டும் நின்று எட்டு மாதம் ஆகிறது. நாளுக்கு முக்கால் லிட்டருக்கு மேல் வாயில் படக் கூடாது. மீறினால் அது காலில் நிற்கும், அப்புறம் வயிற்றில் நிற்கும், அப்புறம் நெஞ்சுக்கு ஏறும்.

அவரை வாரம் இரண்டு முறை வேலூருக்குக் கொண்டுபோய் ரத்தம் சுத்தம் செய்யும் மிஷினில் படுக்க வைப்பதற்காகத்தான் சந்திரன் உழவு மாட்டை விற்று அந்தப் பழைய எட்டு சீட்டு வண்டியை வாங்கினான். வாங்கிய நாளிலிருந்து அதன் ரேடியேட்டர் கசிந்தது. அடிவாரத்து மெக்கானிக் சந்தியாகப்பன், "ஒரு வாரம் வண்டிய எங்கிட்ட வுடு, எறக்கி மாத்திர்றேன்" என்றார். ஒரு வாரம் விட முடியாது. விட்டால் அப்பாவை எதில் கூட்டிப் போவது? ஊருக்கு வரும் ஒரே பஸ் வேலூர் போய்ச் சேரவே மத்தியானம் ஆகிவிடும்.

திங்கட்கிழமை ஏழாவது வளைவில் வண்டி கொதித்து நின்றதும், போனவர்கள் பாதி வழியில் திரும்பி வந்ததும் போன அத்தியாயத்துக் கதை. அன்று சாயங்காலம் ஆஸ்பத்திரி சிஸ்டர் போன் செய்து சொன்னதுதான் மூன்று நாளாக வீட்டுக்குள் நிற்கிறது.

"வியாழக்கிழமை பதினோரு மணி. அதையும் வுட்டீங்கன்னா மிஷின வேற ஆளுக்குக் குடுத்துடுவாங்க. ஆனா அதுக்கு முன்னாடியே அவரு தாங்க மாட்டாரும்மா. புரியுதா?"

இன்று வியாழக்கிழமை.

*

"அருணா! இங்க வா, ஜல்தி!"

சந்திரன் முன்மூடியைத் தூக்கி வைத்துக்கொண்டு செல்போன் வெளிச்சத்தில் ரேடியேட்டர் வாய்க்குள் பார்த்துக்கொண்டிருந்தான்.

"இன்னாங்க, இன்னிக்கும் காலியா?"

"காலியா? விளிம்பு வரைக்கும் நெறஞ்சி கீது. நேத்து சாயந்தரம் ஊத்துனது ஒரு சொட்டு எறங்கல."

அருணா எட்டிப் பார்த்தாள். பழுப்பாக, கலங்கலாக இருந்தது. அந்த வண்டிக்குள் துருத் தண்ணீர் எப்போதும் பழுப்புதான். சந்திரன் வண்டியைக் கிளப்பி ஐந்து நிமிடம் ஓடவிட்டான். கீழே குனிந்து தரையைத் தடவினான். மண் காய்ந்திருந்தது.

"நின்னுடுச்சு!" என்றான். பத்து நாளில் முதல் முறையாகப் பல் தெரிந்தது.

மாமியார் மங்கம்மாள் வாசலில் கணவருக்கான சின்ன டம்ளரைத் துடைத்துக்கொண்டு நின்றாள். "அதான் நின்னுப்போச்சே. அப்புறம் எதுக்கு மூணு கேனு? பின்னாடி எடத்த அடச்சினு கீது. அவரு கால நீட்ட வேணாமா? ஒண்ணு போதும், ரெண்ட எறக்குங்க."

"இருக்கட்டும் அத்தை, வழியில ஆவும்."

"நான் சொல்றேன் இல்ல, ஆவாது."

தூக்கி வந்தது தன் இடுப்பு என்பதால் அருணாவுக்கு இறக்கி வைக்க மனசே இல்லை. ஆனால் சந்திரன் அதற்குள் இரண்டு கேனைத் தூக்கி வாசலில் வைத்துவிட்டான். கசிவு எப்படித் தானாக நின்றது என்று மாமியார் ஒரு வார்த்தை கேட்கவில்லையே என்பது அருணாவுக்கு உறைத்தது. கேட்க நேரமில்லை. மணி ஐந்தே முக்கால்.

சின்னராசுவைப் பின் சீட்டில் சாய்த்து உட்கார வைத்தார்கள். நான்கு நாளாக அவர் படுத்துத் தூங்கவில்லை. படுத்தால் மூச்சு அடைத்தது. கால் இரண்டும் வீங்கி, செருப்பு ஏறாமல், வெறுங்காலோடுதான் வந்தார்.

"மங்கா, ஒரு வாய் தண்ணி."

"ஏழு மணிக்குத்தான்."

"வண்டிக்கு ஒண்டி நேரம் காலம் கெடையாது" என்று அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

*

ஊரிலிருந்து கணவாய் வரை ஒன்பது வளைவு ஏற்றம். அதைத் தாண்டிவிட்டால் அடிவாரத்து அமிர்தி வரை இறக்கம்தான். ஏற்றத்தைத் தாண்டுவதுதான் எல்லாம்.

முதல் இரண்டு வளைவு ஒன்றுமில்லை. மூன்றாவதில் சூடு காட்டும் மீட்டர் முள் நடுக்கோட்டைத் தொட்டது. நான்காவதில் தாண்டியது. சந்திரன் பேச்சை நிறுத்தினான். அவன் கண் ரோட்டுக்கும் முள்ளுக்குமாகப் போய் வந்ததை அருணா பார்த்தாள்.

"ஏறுதா?"

"ஏறுது. ஹீட்டரப் போடு."

சித்திரை வெயிலில் ஹீட்டர். அது சந்தியாகப்பன் சொல்லிக் கொடுத்த வித்தை. என்ஜின் சூட்டை வண்டிக்குள் இழுத்துவிட்டால் முள் கொஞ்சம் இறங்கும். உள்ளே இருப்பவர்கள் வெந்துபோவார்கள், அவ்வளவுதான். அருணா குமிழைத் திருப்பி, முந்தானையால் மாமனார் முகத்துக்கு விசிறத் தயாரானாள்.

சூடு வரவில்லை. காற்று சில்லென்று வந்தது.

"இன்னாங்க இது? குளுகுளுன்னு வருது."

சந்திரன் கையை நீட்டிப் பார்த்தான். முள் சிவப்புக்குப் பக்கத்தில் நின்றது. காற்று பச்சைத் தண்ணீர் மாதிரி இருந்தது. அவன் முகம் மாறியது. ஐந்தாவது வளைவுக்கு முன்னால், பாறைக்கொல்லை ஊருக்குப் பிரியும் மண் ரோட்டோரம் வண்டியை நிறுத்தினான்.

முன்மூடியைத் தூக்கி, ரேடியேட்டரின் மேல் ஓஸ் குழாயைத் தொட்டான். கை பட்டதும் சுரீரென்று இழுத்துக்கொண்டான். கீழ் ஓஸைத் தொட்டான். அதைப் பிடித்தபடியே இருந்தான்.

"கீழ சில்லுனு கீது. மேல கொதிக்குது. தண்ணி சுத்தல. எங்கியோ அடச்சினு கீது."

"அடச்சினு இருந்தா?"

"இருந்தா இன்னா, என்ஜின் வெந்துடும்."

மங்கம்மாள் வண்டிக்குள்ளேயே இருந்தாள். டம்ளரைக் கையில் வைத்து அழுத்திக்கொண்டிருந்தாள்.

பத்து நிமிடம் காத்திருந்தார்கள். மணி ஆறே முக்கால். சின்னராசுவின் மூச்சு வெளியே நிற்பவர்களுக்கே கேட்டது. நெஞ்சுக்குள் யாரோ உறிஞ்சிக் குடிப்பது மாதிரி ஒரு சத்தம்.

சந்திரன் ஈரச் சாக்கை எடுத்தான்.

"இன்னும் ஆறட்டுங்க. மூடியில கை வெக்காதீங்க."

"ஆறுற வரைக்கும் ஆஸ்பத்திரி மணி நிக்குமா?"

சாக்கைப் போட்டு மூடியைக் கால் திருப்புத் திருப்பினான். இன்னொரு கால் திருப்பில் மூடி சாக்கோடு எகிறியது. கொதித்தது வெளியே பாய்ந்து அவன் வலது கையில், முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை விழுந்தது. வெறும் தண்ணீராக இருந்தால் வழிந்து ஓடியிருக்கும். இது ஒட்டிக்கொண்டது. அவன் கையை உதறி உதறிப் பார்த்தான். போகவில்லை. அருணா கேனைத் திறந்து ஊற்றி வழித்தெடுத்தாள். அதோடு தோலும் கொஞ்சம் வந்தது.

அவள் விரலில் இருந்ததைப் பார்த்தாள். கெட்டியாக, பழுப்பாக, பசை மாதிரி இருந்தது. முகர்ந்தாள். காலையில் எந்த வீட்டைத் தாண்டினாலும் வருகிற வாசனை.

"கேவுரு" என்றாள்.

"இன்னா?"

"கேவுரு கஞ்சிங்க."

கேழ்வரகுக் கஞ்சி தானாக ரேடியேட்டருக்குள் போகாது. இரண்டு பேரும் வண்டிக்குள் இருந்த மங்கம்மாளைப் பார்த்தார்கள்.

*

மங்கம்மாள் இறங்கி வந்தாள். மறைக்கவில்லை. நேருக்கு நேர் பொய் சொல்ல அவளுக்குத் தெரியாது.

"நேத்து நீங்க படுத்தப்புறம் ஊத்தினேன். ரெண்டு சொம்பு. நல்லா காய்ச்சி, வடிகட்டி, ஆற வெச்சுத்தான் ஊத்தினேன்."

"எதுக்கும்மா?" சந்திரனின் குரல் வினோதமாக அமைதியாக இருந்தது.

"ஒழுவுதுன்னு நீதான தெனம் தலைல அடிச்சினு இருந்தே. புதுப் பானை ஒழுவுனா இன்னா பண்றோம்? கேவுரு கஞ்சி ஊத்தி ஒரு ராத்திரி வெக்கிறோம். சந்து பொந்துல எல்லாம் போயி அடச்சிக்கும். அப்புறம் வருசக் கணக்குல ஒழுவாது. என் கல்யாணத்துக்கு வந்த பானைல இன்னும் தண்ணி நிக்கிது. இதுவும் ஒழுவுற ஏனந்தானேன்னு..."

"ஏனமா?"

"காலையில நின்னுடுச்சு இல்ல? நீயே சிரிச்சியே. ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேந்தப்புறம் சொல்லலாம்னு இருந்தேன்."

பின் சீட்டிலிருந்து ஒரு சத்தம் வந்தது. சின்னராசு சிரித்தார். சிரிப்பு இருமலாகி, இருமல் மூச்சு முட்டலாகி, அருணா ஓடிப்போய் முதுகைத் தாங்கிக்கொண்டாள்.

"நான் ஒரு வாய் கூழு கேட்டா கைல அடிக்கிறா" என்றார் அவர், வார்த்தைக்கு வார்த்தை நிறுத்தி. "வண்டிக்கு... ரெண்டு சொம்பு... ஊத்திக்கிறா."

வேறு யாரும் சிரிக்கவில்லை.

"பானைக்கும் ரேடியேட்டருக்கும் வித்தியாசம் தெரியல உனக்கு" என்றான் சந்திரன். வெந்த கையைத் தூக்கிப் பிடித்திருந்தான். "உள்ள ஊசி கனத்துல பைப்பு நூறு கீது. அத்தினியும் அடச்சிட்டே. ஒழுவிட்டுப் போவுதுன்னு வுட்டிருந்தா கூட தண்ணி ஊத்தி ஊத்திப் போயிருப்பேன். நீதான் கேனையும் எறக்கச் சொன்னே."

"தெரியாமப் பண்ணிட்டேன்டா."

"அப்பனக் கொல்லப் பாத்துட்டு, தெரியாமப் பண்ணிட்டேன்றே."

மங்கம்மாள் ரோட்டோரத்தில் போய் உட்கார்ந்தாள்.

"போதும், நிறுத்துங்க" என்றாள் அருணா. "இப்போ இன்னா பண்ணணும்? அதச் சொல்லுங்க."

கீழ் ஓஸைக் கழற்ற வேண்டும். மேலே தண்ணீர் ஊற்றி, கஞ்சி எல்லாம் கீழே போகும்வரை கழுவ வேண்டும். அப்புறம் புதுத் தண்ணீர் நிரப்பி மெதுவாகப் போக வேண்டும். கேனில் பாதிதான் மிச்சம். பக்கத்து ஓடை பங்குனியிலேயே காய்ந்துவிட்டது.

அருணா மண் ரோட்டில் இறங்கி நடந்தாள்.

*

பாறைக்கொல்லையில் பன்னிரண்டு வீடு. முதல் வீடு காந்தாவுடையது. நாற்பது வயதிருக்கும். புருஷன் கேரளாவில் மிளகுத் தோட்டத்தில் இருந்தான். ஆட்டுக் குட்டிகளைக் கூடை கவிழ்த்து அடைத்திருந்தாள். தாழ்வாரத்தில் எட்டுக் குடம் வரிசையாக, துணி போட்டு மூடி இருந்தது. அருணாவின் கண் முதலில் அங்கேதான் போனது. காந்தாவும் அதைப் பார்த்துவிட்டாள்.

"தண்ணியத் தவிர வேற எது வேணாலும் கேளு."

"அக்கா, தண்ணிதான்."

"யாரு ஊரு நீ?"

"நெல்லிமரத்தூரு. மாமாவ ஆஸ்பத்திரிக்கு இட்னு போறோம். கார் நின்னுடுச்சு. உள்ள கழுவணும்."

"காருக்கா?" காந்தா இடுப்பில் கை வைத்தாள். "எம்மா, பைப்புல நேத்து வந்துச்சு. இனிமே சனிக்கிழமைதான். அது வரைக்கும் நாங்க மூணு பேரு, பதினாலு ஆடு. நீ காரக் குளிப்பாட்டணும்ன்றே."

"பதினோரு மணிக்குள்ள வேலூர்ல அவர மிஷின்ல போடணும். திங்கக்கிழம வுட்டுட்டோம். இன்னிக்கும் வுட்டா அவ்ளோதான்க்கா."

"பஸ்ஸுல போவ வேண்டியதுதானே."

"பஸ்ஸு போயி சேர்ற நேரத்துக்கு அவரு இருக்க மாட்டாரு."

காந்தா அருணாவைத் தாண்டி ரோட்டுப் பக்கம் நடந்து, வளைவிலிருந்து எட்டிப் பார்த்தாள். கதவு திறந்த வண்டி. உள்ளே வாயைப் பிளந்து மூச்சு இழுக்கும் மனிதர். வீங்கிய வெறுங்கால் வெளியே தொங்கியது. ஓரத்தில் தலையில் கை வைத்து உட்கார்ந்திருக்கும் ஒரு கிழவி.

திரும்பி வந்து குடத்தின் மேலிருந்த துணியை எடுத்தாள்.

"ஆறு தர்றேன். ரெண்டு எனக்கு வேணும். பணம் கிணம்னு பேசாத, பணத்த ஆடு குடிக்காது. தண்ணியாத் திருப்பணும். நாளைக்குப் பொழுது போறதுக்குள்ள."

"வர்ற வழியில கண்டிப்பா..."

"வர்ற வழின்றது உன் காரு சொல்லணும். எனக்கு நீ சொல்லு. ஆறு கொடம்."

"ஆறு கொடம்" என்றாள் அருணா. தன் போன் நம்பரைக் காந்தாவின் போனில் போட்டுக் கொடுத்தாள்.

காந்தாவே இரண்டு குடத்தைத் தூக்கி வந்தாள். மிச்சத்தை அருணா இரண்டு நடையில் கொண்டு வந்தாள். இடுப்பு இழுத்தது. இழுக்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

சந்திரன் இடது கையாலேயே ஓஸைக் கழற்றியிருந்தான். முதல் குடம் ஊற்றியபோது கீழே ஒன்றும் வரவில்லை. ஓஸ் வாயில் விரலை விட்டு நோண்டினான். கட்டி கட்டியாக விழுந்தது. இரண்டாவது குடத்தில் சாணிக் கரைசல் மாதிரி வந்தது. நாலாவது குடத்தில்தான் தண்ணீர் தண்ணீராக வந்தது. ரோட்டோர மண் அத்தனையையும் குடித்தது. காந்தா அந்த ஈரத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

ஒரு குடம் ரேடியேட்டருக்குள் போனது. இன்னொன்று கேனுக்கு. ஓஸை மாட்டி, கம்பி போட்டு முறுக்கி, வண்டியைக் கிளப்பியபோது மணி எட்டே கால்.

மங்கம்மாள் எழுந்து கதவுக்கு வந்தாள்.

"நீ ஏறாத" என்றான் சந்திரன், ரோட்டைப் பார்த்தபடி.

"டேய்..."

"ஏறாதன்னேன். பஸ்ஸு வந்தா வூட்டுக்குப் போ. எனக்கு இப்போ உன் மூஞ்சியப் பாக்க முடியல."

"மங்கா, ஏறு" என்றார் சின்னராசு.

மங்கம்மாள் ஏறவில்லை. டம்ளரை அருணாவின் கையில் கொடுத்தாள். "பத்து மணிக்கு அரை டம்ளரு. அதுக்கு மேல கேட்டாரும் குடுக்காத." கதவை அவளே சாத்தினாள். "தண்ணிக் கடன நான் தீர்க்கிறேன். நீ அவரப் பாரு."

"அத்தை, உங்களால ஆவாது. நாங்க வந்து..."

வண்டி நகர்ந்துவிட்டது. பின் கண்ணாடி வழியாக அருணா பார்த்தபோது, மாமியார் காலிக் குடம் ஒன்றைக் குனிந்து எடுத்துக்கொண்டிருந்தாள்.

*

மிச்சம் ஐந்து வளைவையும் இரண்டாவது கியரில், மனிதன் நடக்கிற வேகத்தில் ஏறினார்கள். முள் சிவப்பை நெருங்கும்போதெல்லாம் நிறுத்தி, ஈரச் சாக்கைப் போட்டு, ஆற வைத்துக் கிளம்பினார்கள். கணவாயைத் தாண்டியதும் சந்திரன் சாவிமேல் கை வைத்தான்.

"ஆஃப் பண்ணிட்டு நியூட்ரல்ல உருட்டினா சூடே ஏறாது."

"பிரேக்?"

"மிதிக்கணும் கொஞ்சம் பலமா."

"நீங்க ஒத்தக் கையில ஓட்டினு கீறீங்க. என்ஜின் வேகட்டும், நாம வேக வேணாம்."

அவன் கையை எடுத்துவிட்டான். ஸ்டீயரிங்கைத் திருப்பும் ஒவ்வொரு முறையும் பல்லைக் கடித்தான். தோல் உரிந்த இடத்தில் சட்டைக் கை ஒட்டிக்கொண்டிருந்தது.

அடிவாரத்தில் சந்தியாகப்பன் ஷெட் வாசலில் வண்டி தானாகவே நின்றது. நிறுத்தியது என்று சொல்ல முடியாது. மணி ஒன்பதரை.

சந்தியாகப்பன் வேட்டியை மடித்துக் கட்டியபடி வந்து, ரேடியேட்டர் வாயோரம் ஒட்டியிருந்ததை விரலால் வழித்து, மூக்கில் வைத்துப் பார்த்தார்.

"இன்னா நைனா, ஆடி மாசத்துக்கு இன்னும் மூணு மாசம் கீதே. அதுக்குள்ள கூழு ஊத்திட்டீங்களா?"

சந்திரன் சிரிக்கவில்லை. சந்தியாகப்பன் வண்டிக்குள் இருந்த மனிதரைப் பார்த்ததும் அவர் சிரிப்பும் போய்விட்டது. வண்டியை ஒரு தரம் கிளப்பச் சொன்னார். மூடி திறந்த வாயில் தண்ணீர் குமிழி குமிழியாகக் கொப்பளித்தது.

"என்ஜினுக்குள்ள கேஸ்கெட் போய்டுச்சு. இத்தோட வேலூர் போனேன்னா வழியில என்ஜின் சிக்கி நின்னுடும். அப்பாவ ரோட்லதான் படுக்க வெக்கணும்."

"ண்ணா, பதினோரு மணி..."

"தெரியுது. பேசினு நிக்காத. தூக்கு."

ஷெட்டில் சாமான் ஏற்றும் ஆட்டோ ஒன்று அவருடையது இருந்தது. பின்னால் கிடந்த பழைய பேட்டரிகளை இறக்கி, இரண்டு டயரைப் போட்டு, அதன் மேல் மெத்தை போட்டார்கள். டயரில் சாய்ந்து உட்கார்ந்தால் மூச்சு விட வசதி. சின்னராசுவை மூன்று பேரும் தூக்கி வைத்தார்கள். நான்கு நாளில் அவர் கனத்துவிட்டிருந்தார். அத்தனையும் தண்ணீர் என்று அருணாவுக்குத் தெரியும்.

ஆட்டோ கிளம்பியது. வேலூர் ரோட்டில் காற்று அனலாக அடித்தது. பத்து மணிக்கு அரை டம்ளர் கொடுத்தாள். அவர் அதை வாயில் வைத்து, விழுங்காமல் நெடுநேரம் வைத்திருந்தார்.

"இன்னொரு அரை" என்றார்.

"இல்ல மாமா."

"நீயும் அவள மாதிரியே ஆய்ட்டே."

கொஞ்ச தூரம் போனதும் கண்ணைத் திறந்து, "அவ எங்க?" என்று கேட்டார்.

"ஊருக்குப் போய்ட்டாங்க மாமா" என்றாள் அருணா. சந்திரன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

*

பதினொன்று அடித்து ஆறு நிமிடம் ஆகியிருந்தது.

"பதினொண்ணேகாலுக்கு அடுத்தவரக் கூப்புட்றதா இருந்தேன்" என்றார் சிஸ்டர். திட்டிக்கொண்டே நாற்காலித் தராசில் உட்கார வைத்தார். எடையைப் பார்த்ததும் திட்டுவதை நிறுத்தினார். உள்ளே குரல் கொடுத்தார். இரண்டு பேர் ஓடி வந்தார்கள். கதவு மூடியது.

கதவின் வட்டக் கண்ணாடி வழியாக அருணா பார்த்தாள். ரத்தம் குழாயில் ஓடத் தொடங்கியது. மிஷின் சுற்றியது. அவள் சுவரோடு சரிந்து தரையில் உட்கார்ந்தாள்.

சந்தியாகப்பன் திரும்பிப் போகும்போது, "வண்டி எங்கிட்டயே கெடக்கட்டும். என்ஜின் ஹெட்டக் கழட்டிப் பாத்துத்தான் சொல்ல முடியும். அடுத்த தரத்துக்கு வேற ஏற்பாடு பாத்துக்கோ" என்றார். அடுத்த தரம் திங்கட்கிழமை. அதற்கு என்ன ஏற்பாடு என்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை.

மூன்றே கால் மணிக்கு சிஸ்டர் வெளியே வந்தார். "நாலு லிட்டர் எடுத்திருக்கோம். இன்னும் ஒரு நாள் போயிருந்தா..." முடிக்கவில்லை. "இன்னிக்கு ராத்திரி இங்கியே வெச்சுப் பாக்கணும். பொழைச்சிக்கிட்டாரு."

நாலு மணிக்கு வார்டுக்கு வந்ததும் சின்னராசு படுத்துத் தூங்கினார். நான்கு நாளுக்கப்புறம் தட்டையாகப் படுத்து, வாயை மூடித் தூங்கினார்.

சந்திரன் அதைப் பார்த்துக்கொண்டே நின்றான். கையில் கட்டுப் போட்டிருந்தார்கள். "அம்மாக்கு போன் போட்டுச் சொல்லிடு" என்றான்.

"நீங்க சொல்லுங்க."

"நான் இன்னான்னு சொல்றது?"

"மூஞ்சியப் பாக்க முடியாதுன்னு சொன்ன வாயாலயே சொல்லுங்க."

டீ வாங்கி வருகிறேன் என்று அவன் படியிறங்கினான். அருணா மாமியாரின் நம்பரை அழுத்தினாள். மலையில் பாதி நேரம் போன் எடுக்காது. எப்போதும் அப்படித்தான். மறுபடி அழுத்தினாள். மூன்றாவது தரமும் எடுக்கவில்லை.

நாலரை மணிக்குப் புது நம்பரிலிருந்து போன் வந்தது. காற்று இரைச்சலுக்கு நடுவே காந்தாவின் குரல்.

"இன்னா பொண்ணு, உன் மாமனாரு இருக்காரா?"

"இருக்காருக்கா. நல்லா கீறாரு. உங்க தண்ணிதான்..."

"அத வுடு. உன் மாமியா அங்க வந்துச்சா?"

அருணா எழுந்து நின்றாள். "இல்லியே. ஊருக்குப் போயிருப்பாங்க."

"ஊருக்குப் போவல. நீங்க போனதும் என் கொடத்த எடுத்துனு கானகத்து சுனைக்கு எறங்கிடுச்சு. நான் வேணாம்னேன், நாளைக்கு வரைக்கும் டைம் கீதேன்னேன். கேக்கல. வாயே தொறக்கல. போவ ஒரு மணி, வர ஒண்ணரை மணி. காட்டுப் பாதை, செங்குத்து. மொத கொடம் பத்தே முக்காலுக்கு வந்துச்சு. ரெண்டாவது ஒண்ணேகாலுக்கு வந்துச்சு. ஒரு வாய் கஞ்சி குடின்னேன், குடிக்கல. மூணாவதுக்குப் போச்சு."

"அப்புறம்?"

"அப்புறம் இன்னா அப்புறம். மணிய பாரு. இன்னும் வரல. சத்தம் குடுத்துப் பாத்தேன், பதில் இல்ல. நாங்க நாலு பேரு இப்போ எறங்கப் போறோம். அத சொல்லத்தான் பாறை மேல ஏறி பேசுறேன். கீழ டவர் கெடையாது."

போன் நின்றது. படியில் சந்திரன் இரண்டு டீயோடு ஏறி வந்துகொண்டிருந்தான். உள்ளே சின்னராசு தூங்கிக்கொண்டிருந்தார்.

காந்தாவிடம் வாங்கியது ஆறு குடம் தண்ணீர். மங்கம்மாள் திருப்பிக் கொடுத்தது இரண்டு. நாலு குடம் பாக்கி.